மரம் வெட்ட ஆள் பேசுறீங்களா? கூலி கேட்பதற்கு முன் மூன்று கேள்விகள்

வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது திருத்தணியில் பல வீடுகளில் ஒரே கவலை. கொல்லையில் நிற்கும் பழைய வேப்ப மரம் வீட்டுப் பக்கம் சாய்ந்திருக்கும். தென்னை மட்டை ஷீட் கூரை மேல் விழும். 2016 டிசம்பர் 12 அன்று கரையைக் கடந்த வர்தா புயலில் மரங்கள் சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை. உடனே கேட்பது, "மரம் வெட்ட எவ்வளவு ஆகும்?" என்றுதான். அதற்கு முன் மூன்று கேள்விகள் இருக்கு. இவற்றுக்கு விடை தெரிந்தால் செலவும் குறையும், சிக்கலும் வராது.

1. மரம் யாருடைய இடத்தில் நிற்கிறது?

நீங்கள் நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்த மரமாகவே இருக்கட்டும். சாலை ஓரத்திலோ புறம்போக்கிலோ நின்றால் அதை நீங்களாக வெட்ட முடியாது. நகராட்சியிலோ, கிராமம் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடமோ மனு கொடுங்கள். அரசு நிலத்து மரங்களை வெட்ட, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுதான் அனுமதி தரும். எல்லையில் சந்தேகம் இருந்தால், உங்கள் பட்டாவையும் புலப்படத்தையும் அரசின் இ-சேவை இணையதளத்தில் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பக்கத்து வீட்டு மரம் ஆபத்தாக இருக்கா? முதலில் பேசிப் பாருங்கள். கேட்கவில்லை என்றால் வருவாய் கோட்டாட்சியரிடம் புகைப்படத்துடன் மனு கொடுக்கலாம். விழுந்து ஆட்களுக்குக் காயம் ஏற்படுத்தக்கூடிய நிலையில் உள்ள மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உரிமையாளருக்கு உத்தரவிட, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் வழி இருக்கிறது.

2. அது என்ன மரம்?

சந்தனம், செம்மரம், ஈட்டி ஆகியவை உங்கள் பட்டா நிலத்திலேயே இருந்தாலும் வனத்துறையைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். உழவர் செயலி வழியாக விண்ணப்பிக்கலாம். வீட்டுக் கொல்லையில் நிற்கும் வேம்பு, தென்னை, மா, முருங்கை போன்றவற்றுக்குப் பொதுவாக இப்படிக் கட்டுப்பாடு இல்லை.

இன்னொரு விஷயம். திருத்தணியிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே ஆந்திர எல்லை. வெட்டிய மரம் நகரி பக்கம் போகிறது என்றால், வண்டியில் ஏற்றும் முன் அனுமதிச் சீட்டு தேவையா என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். சோதனைச் சாவடியில் வண்டி நின்றால், மரம் யார் வீட்டில் வெட்டியது என்ற கேள்வி உங்களிடம்தான் வரும்.

3. முழுசாக வெட்டியே ஆகணுமா?

அடிமரம் பொந்தாகி, காளான் முளைத்து, வேர்ப் பக்கம் மண் பிளந்திருந்தால் ஆபத்துதான். புதிதாகச் சாய ஆரம்பித்தாலும் அப்படியே. மற்றபடி பல மரங்களுக்குக் கிளை கழித்து பாரத்தைக் குறைத்தாலே போதும். அதற்குக் கூலி குறைவு, நிழலும் மிஞ்சும். ஒரு பக்கக் கிளைகளை மட்டும் கழிக்கச் சொல்லாதீர்கள். மரம் மறுபக்கம் சாயும்.

இப்போது கூலி பேசலாம்

மரத்தின் உயரம், பருமன், சந்தின் அகலம், பக்கத்தில் மின்கம்பி, இவைதான் கூலியைத் தீர்மானிக்கும். முழு மரம், அடிமரம், சுற்றுப்புறம் என்று நாலு படம் எடுத்து இரண்டு மூன்று பேருக்கு அனுப்புங்கள். நேரில் வந்து பார்த்தபின் சொல்லும் தொகையை மட்டும் நம்புங்கள்.

கட்டை யாருக்கு என்பதுதான் முக்கியம். நல்ல பருமனான வேம்பு, புளி, தேக்கு என்றால் மர வியாபாரியே வெட்டிக்கொண்டு உங்களுக்குப் பணமும் தரலாம். கட்டையையும் கொடுத்து முழுக் கூலியும் கொடுத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். வேர்க்கட்டை எடுப்பது, கிளைகளை அப்புறப்படுத்துவது, சுவரோ ஓடோ உடைந்தால் யார் பொறுப்பு என்பதையெல்லாம் முன்பே பேசி, வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜாகப் போட்டுக்கொள்ளுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டாம்.

ஆடிக் கிருத்திகை நாட்களில் காவடிக் கூட்டத்தில் ஊருக்குள் லாரி நுழைவதே கஷ்டம். அது முடிந்து, மழைக்கு முன் புரட்டாசிக்குள் வேலையை முடித்துவிடுவது நல்லது.

ஏறுபவரின் உயிர்

கயிறும் ஹெல்மெட்டும் இல்லாமல் ஏறுகிறேன் என்பவர் எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். மிச்சமாகும் சில நூறு ரூபாய்க்காக ஒரு குடும்பம் நிற்கதியாகக் கூடாது. மின்கம்பி அருகில் என்றால் மின்னகம் 94987 94987 எண்ணில் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகே வேலை தொடங்க வேண்டும். மரம் விழுந்து ஆள் சிக்கிக்கொண்டால் உடனே 112-ஐ அழையுங்கள்.

வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில், சுவரிலிருந்தும் கம்பியிலிருந்தும் தள்ளி, ஒரு கன்று நட்டு வையுங்கள்.