டவுனிங் தெரு விருந்தும் தொகுதி அறியாத வேட்பாளரும்

பிரிட்டனை நெடுங்காலம் ஆண்ட கன்சர்வேட்டிவ் கட்சி மீது 2019-க்கும் 2024-க்கும் இடையில் இரண்டு குற்றச்சாட்டுகள் ஓயாமல் எழுந்தன. கட்சி மக்களிடம் உண்மை பேசுவதில்லை என்பது ஒன்று. அது நிறுத்தும் ஆட்களுக்கு மக்கள் படும் பாடு தெரியவில்லை என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனிக் குறைகளாகவே பலரும் பேசினார்கள். நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை என்பது தெரியும். சாதாரணக் குடும்பங்களின் நடுவே வாழாதவருக்கு, தன் பொய் அந்தக் குடும்பங்களை எப்படிச் சுடும் என்பது உறைப்பதில்லை. 2019 டிசம்பரில் 365 இடங்களை வென்ற கட்சி, 2024 ஜூலையில் 121 இடங்களுக்குச் சுருங்கியது. அதன் வரலாற்றிலேயே இவ்வளவு மோசமான தோல்வி வேறு இல்லை.

தேர்தல் பொய்யைச் சட்டம் தண்டிக்காதா என்ற கேள்வி இயல்பாக எழும். பிரிட்டனில் பெரும்பாலும் தண்டிக்காது. சோப்பு, பற்பசை விளம்பரங்களில் பொய் சொன்னால் கேட்க ஓர் அமைப்பு இருக்கிறது. அச்சிலும் இணையத்திலும் வரும் கட்சிகளின் தேர்தல் விளம்பரங்களுக்கு 1999 முதல் அதன் விதிகள் பொருந்துவதில்லை. 1983-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், எதிர் வேட்பாளரின் சொந்த நடத்தையைப் பற்றிப் பொய்ச் செய்தி பரப்புவதை மட்டுமே தடுக்கிறது. அந்தப் பிரிவின்படி, தொழிலாளர் கட்சியின் பில் வூலஸ் 2010-இல் தன் பதவியை இழந்தார். ஆனால் வரி, மருத்துவமனை, வேலைவாய்ப்பு பற்றி எவ்வளவு திரித்துச் சொன்னாலும் அந்தப் பிரிவு எட்டாது.

நாடாளுமன்றத்துக்குள் நிலைமை இன்னும் விசித்திரமானது. ஒரு உறுப்பினர் மற்றொருவரைப் பொய்யர் என்று சொல்வது அவை மரபுக்கு விரோதம். 2021 ஜூலை 22 அன்று தொழிலாளர் கட்சியின் டான் பட்லர், பிரதமர் போரிஸ் ஜான்சன் அவையிலும் நாட்டுமக்களிடமும் திரும்பத் திரும்பப் பொய் சொன்னார் என்று பேசினார். சொன்னதைத் திரும்பப் பெற மறுத்ததால் அன்றைக்கு அவர் அவையை விட்டு வெளியேற்றப்பட்டார். பொய்யைச் சுட்டிக்காட்டியவர் வெளியே போக, குற்றம் சாட்டப்பட்டவர் பதவியிலேயே இருந்தார். அவையில் உண்மை பேசுவார்கள் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்ட மரபு, அந்த நம்பிக்கையை ஒருவர் மதிக்காதபோது அவருக்கே கவசமாகிவிடுகிறது.

2019 தேர்தல் பிரசாரத்திலேயே இதன் அறிகுறிகள் தெரிந்தன. நவம்பர் 19 அன்று ஜான்சனும் எதிர்க்கட்சித் தலைவர் ஜெரமி கோர்பினும் தொலைக்காட்சியில் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் கன்சர்வேட்டிவ் கட்சியின் செய்திப் பிரிவு, தன் ட்விட்டர் கணக்கின் பெயரை 'ஃபேக்ட்செக் யூகே' என்று மாற்றிக்கொண்டது. சார்பற்ற உண்மை சரிபார்ப்பு அமைப்பு ஒன்றின் பெயரைப் போலத் தோன்றும்படி அது அமைந்திருந்தது. ட்விட்டர் நிறுவனம் கட்சியைக் கண்டித்தது. கட்சித் தலைமையோ வருந்தவில்லை.

அதே தேர்தலில் 50,000 செவிலியர்களைக் கூடுதலாகத் தருவோம் என்றார்கள். கணக்கைத் துருவியபோது, அதில் ஏறத்தாழ 18,500 பேர் ஏற்கெனவே பணியில் இருப்பவர்கள், வேலையை விட்டுப் போகாமல் தக்கவைக்கப்பட வேண்டியவர்கள் என்று தெரிந்தது. எண்ணிக்கை பிற்பாடு எட்டப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 40 புதிய மருத்துவமனைகள் என்ற வாக்குறுதிக்கு அத்தகைய சமாதானமும் இல்லை. தொடக்கத்தில் பணம் ஒதுக்கப்பட்டது ஆறு திட்டங்களுக்குத்தான். பழைய வளாகத்தில் ஒரு பெரிய பிரிவைக் கட்டினாலும், இருப்பதையே பெரிய அளவில் புதுப்பித்தாலும் அதுவும் 'புதிய மருத்துவமனை' என்று பின்னர் வரையறுத்தார்கள். முதலில் சொன்ன பொருளில் 2030-க்குள் 40 மருத்துவமனைகள் வரப்போவதில்லை என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2023 ஜூலையில் அறிவித்தது.

இவையெல்லாம் அரசியலில் வழக்கம்தான் என்று வாக்காளர்கள் பொறுத்துக்கொண்டிருக்கக்கூடும். பொறுக்க முடியாமல் போனது, கொரோனா காலத்தில் பிரதமரின் டவுனிங் தெரு 10-ஆம் எண் இல்லத்தில் நடந்தது. 2020 வசந்தத்தில் பிரிட்டன் முழுவதும் வீட்டுக்குள் முடங்கியிருந்தது. சாகக் கிடந்த தாயின் கையைப் பிடித்துக்கொள்ளப் பிள்ளைகளுக்கு வழியில்லை. இறுதிச் சடங்குக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களே போக முடிந்தது. அந்த மே மாதம் 20-ஆம் தேதி, வெளியிடத்தில் மற்றொரு வீட்டைச் சேர்ந்த ஒரே ஒருவரைத்தான் சந்திக்கலாம் என்பது விதி. அன்று மாலை பிரதமரின் முதன்மைச் செயலர், அலுவலகத் தோட்டத்தில் கூடுவோம், அவரவர் மதுவை அவரவரே கொண்டு வாருங்கள் என்று அலுவலர்கள் பலருக்கும் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். பிரதமரும் அங்கே போனார்.

2021 ஏப்ரல் 16 இரவு அதே வளாகத்தில் இரண்டு பிரிவுபசார விருந்துகள் நடந்தன. மறுநாள் வின்ட்சரில் இளவரசர் பிலிப்பின் இறுதிச் சடங்கு. எழுபத்து மூன்று ஆண்டுகள் உடன் வாழ்ந்த கணவரை வழியனுப்ப வந்த ராணி எலிசபெத், விதிப்படி முகக்கவசத்துடன் தனியாக அமர்ந்திருந்தார். அந்தப் படம் உலகம் முழுவதும் வெளியாகியிருந்தது. முந்தைய இரவு நடந்தது 2022 ஜனவரியில் தெரிந்தபோது, பிரதமர் அலுவலகம் அரண்மனையிடம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

விருந்தைவிட அதை மறைத்ததுதான் கட்சியின் நாணயத்தைக் கெடுத்தது. 2021 நவம்பர் 30 அன்று 'டெய்லி மிரர்' முதல் செய்தியை வெளியிட்டது. மறுநாளே ஜான்சன் அவையில் எழுந்து, எல்லா வழிகாட்டுதல்களும் முழுமையாகப் பின்பற்றப்பட்டன என்றார். ஒரு வாரத்துக்குள் அவருடைய செய்தித் தொடர்பாளரும் மற்ற அலுவலர்களும் விருந்தைப் பற்றி நிருபர்கள் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று சிரித்தபடி ஒத்திகை பார்க்கும் காணொளி வெளிவந்தது. லண்டன் போலீஸ் விசாரணையின் முடிவில் 83 பேருக்கு 126 அபராத அறிவிப்புகள் போயின. ஜான்சனும், அப்போது நிதியமைச்சராக இருந்த ரிஷி சுனக்கும் அவர்களில் அடக்கம். பதவியில் இருக்கும்போதே சட்டத்தை மீறியதாக அபராதம் கட்டிய முதல் பிரிட்டிஷ் பிரதமர் ஜான்சன்தான்.

மூத்த அரசு அதிகாரி சூ கிரே 2022 மே மாதம் தந்த அறிக்கையில் ஒரு செய்தி இருக்கிறது. எண்களைவிட அது கனமானது. அந்தக் கட்டடத்தின் துப்புரவுப் பணியாளர்களும் காவலர்களும் பலமுறை மரியாதையின்றி நடத்தப்பட்டார்கள் என்று அவர் பதிவு செய்தார். விதியை மீறியவர்கள் அதைக் காண நேர்ந்த ஏழைத் தொழிலாளர்களை மதிக்கவும் இல்லை. நேர்மைக் குறைவும் மக்களிடமிருந்து விலகி நிற்பதும் ஒரே அறைக்குள் சேர்ந்திருந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கீழவையின் உரிமைக் குழு 2023 ஜூன் மாதம் தன் முடிவைச் சொன்னது. ஜான்சன் அவையை வேண்டுமென்றே தவறாக வழிநடத்தினார் என்பதே தீர்ப்பு. குழுவின் ஏழு பேரில் நால்வர் அவருடைய சொந்தக் கட்சிக்காரர்கள். அறிக்கையை 354 பேர் ஆதரித்தார்கள், எதிர்த்தவர்கள் ஏழு பேர். அதற்கு முன்பே ஜான்சன் உறுப்பினர் பதவியை விட்டு விலகியிருந்தார்.

இவ்வளவு தாமதம் ஆனதற்கும் ஒரு காரணம் உண்டு. அவையைத் தெரிந்தே ஏமாற்றும் அமைச்சர் பதவி விலக வேண்டும் என்று அமைச்சர்களின் நடத்தை விதி சொல்கிறது. அந்த விதி மீறப்பட்டதா என்று தீர்மானிப்பவர் பிரதமர். குற்றம் சாட்டப்படுபவரே பிரதமராக இருந்தால் தீர்ப்பு எங்கிருந்து வரும்? ஜான்சன் காலத்தில் நெறிமுறை ஆலோசகர்கள் இருவர், அலெக்ஸ் ஆலனும் கெய்ட் பிரபுவும், அடுத்தடுத்து விலகினார்கள். 2021 நவம்பரில், பணம் வாங்கிக்கொண்டு நிறுவனங்களுக்காகப் பரிந்து பேசிய கன்சர்வேட்டிவ் உறுப்பினர் ஓவன் பேட்டர்சனைக் காப்பாற்ற, விசாரணை முறையையே மாற்ற அரசு முயன்றது. எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. அவர் விலகிய வடக்கு ஷ்ராப்ஷயர் தொகுதியில் 23,000-ஐ நெருங்கிய வாக்கு வித்தியாசம் இருந்தது. அடுத்த மாதமே நடந்த இடைத்தேர்தலில் லிபரல் டெமாக்ரட் கட்சி அதை வென்றது.

வேட்பாளர்கள் பற்றிய குற்றச்சாட்டுக்கு இன்னும் நீண்ட வரலாறு உண்டு. பிரிட்டனில் நூற்றுக்கு ஏழு பேர்தான் தனியார் பள்ளியில் படித்தவர்கள். 2019-இல் தேர்வான கன்சர்வேட்டிவ் உறுப்பினர்களில் அப்படிப் படித்தவர்கள் நூற்றுக்கு 41 பேர் என்று சட்டன் அறக்கட்டளை கணக்கிட்டது. ஒருவர் வசதியாகப் பிறந்தது அவர் குற்றமல்ல. வசதியற்றவரின் நிலையைக் கேட்டறியும் பொறுமை இல்லாததுதான் குறை. 2017-இல் லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீயில் 72 பேர் இறந்தார்கள். வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்ற தீயணைப்புத் துறையின் அறிவுரையை மீறிப் புத்தியோடு வெளியேறியிருக்கலாம் என்ற பொருள்பட, 2019 நவம்பரில் வானொலியில் பேசினார் கன்சர்வேட்டிவ் கட்சியின் ஜேக்கப் ரீஸ்-மாக். பின்னர் மன்னிப்புக் கேட்டார். பெற்றவர்களையும் பிள்ளைகளையும் இழந்தவர்களின் காதில் முதல் பேச்சு விழுந்துவிட்டிருந்தது.

இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தியின் மருமகனான ரிஷி சுனக், இந்திய வம்சாவளியில் வந்த முதல் பிரிட்டிஷ் பிரதமர். அவர் குடும்பத்தின் செல்வம் உழைப்பில் வந்தது என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் நிதியமைச்சராக மக்கள் மீது வரிச்சுமையை ஏற்றிய 2022 ஏப்ரலில், அவருடைய மனைவி வெளிநாட்டு வருமானத்துக்கு பிரிட்டனில் வரி கட்டத் தேவையில்லாத சட்டத் தகுதியில் இருந்தது வெளியானது. அது சட்டப்படி சரியே. இருந்தும் விமர்சனம் பெருகியதால், இனி வரி கட்டுவேன் என்று அவர் மனைவி அறிவித்தார். 2024 தேர்தல் நேரத்தில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், சிறுவயதில் எதையெல்லாம் இழந்தீர்கள் என்று சுனக்கிடம் கேட்டார்கள். ஸ்கை டிவி எங்கள் வீட்டில் இல்லை என்றார். குளிர்காலத்தில் கணப்பு மூட்டுவதா, சாப்பிடுவதா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அந்தப் பதில் வலித்தது. அந்தப் பேட்டி பதிவான நாளும் சாதாரண நாளல்ல. நார்மண்டித் தரையிறக்கத்தின் 80-ஆவது நினைவு நாளான ஜூன் 6 அன்று, முதிய போர்வீரர்கள் கூடியிருந்த நிகழ்ச்சிகள் முடியும் முன்பே பிரான்சிலிருந்து திரும்பிவந்து அவர் அதைக் கொடுத்தார். மறுநாள் மன்னிப்புக் கேட்டார்.

இப்படிப்பட்டவர்களே ஏன் முன்னுக்கு வருகிறார்கள் என்பதற்கு விடை, வேட்பாளர் தேர்வில் இருக்கிறது. கட்சியின் தலைமையகம் ஏற்றுக்கொண்டவர்களின் பட்டியல் ஒன்று இருக்கும். தொகுதிக் கிளை பொதுவாக அந்தப் பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க முடியும். தேர்தல் நெருங்கிவிட்டால் அந்த உரிமையும் சுருங்கி, தலைமையகம் கைகாட்டுபவரே வேட்பாளர். 2024-இல் கட்சியின் நிர்வாகத் தலைவராக இருந்த ரிச்சர்ட் ஹோல்டனின் வடமேற்கு டரம் தொகுதி, எல்லை மறுவரையறையில் மறைந்துபோனது. 350 கி.மீ.க்கும் அப்பால் எசெக்ஸில் உள்ள பாசில்டன் - பில்லரிக்கே தொகுதிக்கு அவர் அனுப்பப்பட்டார். கிளை உறுப்பினர்கள் முன் வைக்கப்பட்ட பட்டியலில் அவர் பெயர் மட்டுமே இருந்தது. உள்ளூர்க் கட்சிக்காரர்கள் கொதித்தார்கள். முந்தைய தேர்தலில் 20,000 வாக்குகளுக்கு மேல் முந்திய தொகுதியில் ஹோல்டன் வென்றது 20 வாக்குகளில்.

மாற்று வழி கட்சிக்குத் தெரியாததல்ல. 2009-இல் பல கட்சிகளின் உறுப்பினர்களும் பொதுப்பணத்தில் சொந்தச் செலவு செய்த ஊழல் அம்பலமானது. கோஸ்போர்ட் தொகுதியின் பீட்டர் விக்கர்ஸ் குளத்து வாத்துகளுக்கு வீடு வாங்கவும் பணம் கோரியிருந்தார். டாட்னஸ் தொகுதியின் அந்தோணி ஸ்டீன், தன் வீடு பெரிது என்பதால் மக்கள் பொறாமைப்படுகிறார்கள் என்றே சொன்னார். இருவரும் மறுபடி நிற்கவில்லை. டாட்னஸில் யார் வேட்பாளர் என்பதைக் கட்சி சார்பு பாராமல் தொகுதியின் எல்லா வாக்காளர்களிடமும் அஞ்சல் வழியாகக் கேட்டார்கள். ஏறத்தாழ நால்வரில் ஒருவர் பதில் அனுப்பினார். அரசியல் பின்புலம் இல்லாத டாக்டர் சாரா வொலஸ்டன் தேர்வானார். கோஸ்போர்ட்டிலும் அதே முறை பின்பற்றப்பட்டது. சுமார் 38,000 பவுண்டு செலவானது டாட்னஸில். வெற்றி பெற்ற வொலஸ்டன் நாடாளுமன்றத்தில் கட்சிக் கொறடாவுக்கு எளிதில் தலையாட்டவில்லை. இத்தகைய 200 தேர்வுகளுக்கு நிதி தருவதாக 2010 கூட்டணி அரசு ஒப்பந்தத்தில் எழுதினார்கள். அதைச் செய்யவே இல்லை. கட்சி தனக்குக் கிடைத்த நல்ல மருந்தைத் தானே கொட்டிவிட்டது.

2024 பிரசாரத்தில் இரண்டு குறைகளும் ஒன்றாகவே வந்தன. தொழிலாளர் கட்சி வந்தால் குடும்பத்துக்கு 2,000 பவுண்டு வரி கூடும் என்று ஜூன் 4 விவாதத்தில் சுனக் திரும்பத் திரும்பச் சொன்னார். அரசு அதிகாரிகள் போட்ட கணக்கு என்றும் சொன்னார். அதை அதிகாரிகளின் கணக்காகக் காட்டக்கூடாது என்று நிதித்துறைச் செயலர் முந்தைய நாளே கடிதம் எழுதியிருந்தார். அந்தத் தொகை நான்கு ஆண்டுகளின் கூட்டல் என்பது கேட்பவருக்குத் தெரிய வழியில்லை என்று புள்ளியியல் ஆணையமும் கண்டித்தது. சில நாளில் பந்தய விவகாரம் வெடித்தது. தேர்தல் தேதி அறிவிக்கப்படுவதற்கு மூன்று நாள் முன்பு, சுனக்கின் நாடாளுமன்றச் செயலரும் வேட்பாளருமான கிரெய்க் வில்லியம்ஸ், தேர்தல் ஜூலையில் வரும் என்று 100 பவுண்டு பந்தயம் கட்டியிருந்தார். பெரும் தவறு என்று அவரே ஒப்புக்கொண்டார். அவருக்கும் இன்னொரு வேட்பாளருக்கும் தந்த ஆதரவைக் கட்சி விலக்கிக்கொண்டது. பதவியில் இருப்பவருக்கு மட்டும் தெரியக்கூடிய செய்தியில் காசு பார்க்கலாம் என்ற நினைப்பு, ஊரடங்கு விருந்தை மக்களுக்கு மறுபடி நினைவூட்டியது.

அந்தத் தேர்தலில் ரீஸ்-மாக் தோற்றார். முன்னாள் பிரதமர் லிஸ் ட்ரஸ்ஸும் தோற்றார். வாக்களித்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பேர்தான். எந்தக் கட்சி ஆண்டாலும் தன் நலனைவிட நாட்டு நலனை முன்வைக்கும் என்று ஏறத்தாழ ஒருபோதும் நம்பமாட்டோம் என்றவர்கள், அந்த ஆண்டு வெளியான பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வில் நூற்றுக்கு 45 பேர். 2020-இல் இருந்ததைவிட அது 22 புள்ளி அதிகம். ஒரு கட்சி கெடுத்த நம்பிக்கையின் விலையை எல்லாக் கட்சிகளும் கட்ட வேண்டியிருக்கிறது. ஆட்சிக்கு வந்த சில வாரங்களிலேயே, செல்வந்தர் ஒருவர் வாங்கித் தந்த உடைகளுக்காகப் புதிய பிரதமர் கியர் ஸ்டார்மரும் இதே கேள்விகளை எதிர்கொண்டார்.

பிரதமரின் அனுமதிக்குக் காத்திராமல் நெறிமுறை ஆலோசகரே விசாரணை தொடங்கலாம் என்று 2024 நவம்பரில் நடத்தை விதி திருத்தப்பட்டது. விசாரணைக்குப் பிறகு என்ன தண்டனை என்பது இன்னும் பிரதமர் கையில்தான் இருக்கிறது.