கட்டடம் கைமாறினால் கடைக்காரர் நிலை என்ன?

மலாய் மொழியில் கடைக்குக் 'கெடாய்' என்று பெயர். நம் 'கடை'தான் அங்கே கெடாய் ஆனது. பாசிர் கூடாங் என்ற ஊர்ப் பெயரில் உள்ள 'கூடாங்'கும் நம் 'கிடங்கு'க்கு உறவான சொல்லே. இப்படிச் சொல்லில் நிலைத்துவிட்ட நம்மவர்கள், வாடகைக்கு எடுத்த கடையிலும் நிலைக்க வழி உண்டா?

1977இல் ஜொகூர் துறைமுகம் செயல்படத் தொடங்கிய பிறகு, தொழிற்சாலைகளோடு வளர்ந்த ஊர் பாசிர் கூடாங். 2008இல் நகராண்மைக் கழகத் தகுதியும், 2020 நவம்பரில் மாநகர் தகுதியும் பெற்றது. ஊர் வளரும்போது கடைவீடுகளின் பயனும் மாறுவது இயல்பு. மளிகைக் கடை கைத்தொலைபேசிக் கடையாகலாம். மேல்மாடிக் குடியிருப்பு தொழிலாளர் விடுதியாகலாம்.

இதற்கும் விதிமுறை உண்டு. கட்டிய நோக்கத்தை விட்டு வேறு பயனுக்குக் கட்டடத்தை மாற்ற, ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை என்கிறது 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம். தொழிலாளர்களைத் தங்க வைக்க, 2020 ஜூன் முதல் தொழிலாளர் இலாகாவின் சான்றிதழும் வேண்டும்.

கட்டட உரிமையாளருக்கு இந்த மாற்றத்தால் வருமானம் கூடும். வாடகைக்கு இருப்பவருக்கோ பிழைப்பே போய்விடலாம். பினாங்கு ஜார்ஜ் டவுனில் இது நடந்தது. 1948க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை உயரவிடாமல் வைத்திருந்த 1966ஆம் ஆண்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டது. சலுகைக் காலம் 1999 இறுதியில் முடிந்ததும் வாடகை ஏறியது. பரம்பரையாகக் கடை நடத்திய பலர் வெளியேற நேர்ந்தது.

பாசிர் கூடாங்கின் புதிய கடை வரிசைகளுக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு எந்நாளும் இருந்ததில்லை. ஆகவே, இங்குள்ள கடைக்காரருக்கு அவர் செய்துகொள்ளும் ஒப்பந்தமே துணை.

1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி, மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாத வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. வாய்ப்பேச்சாக இருந்தாலும் செல்லும். சிக்கல் எழுவது கட்டடம் விற்கப்படும்போதுதான். நில அலுவலகத்தில் பட்டாவின் மீது அந்த வாடகை உரிமை குறிக்கப்பட்டிருந்தால் ஒழிய, புதிய உரிமையாளரை அது கட்டுப்படுத்தாது. மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்றால் முறைப்படி குத்தகையாகப் பதிவு செய்ய வேண்டும்.

இந்தக் குறிப்பைப் பெற, கிராண்ட் எனப்படும் நிலப்பட்டா தேவைப்படும். அது உரிமையாளர் கையிலோ, கடன் கொடுத்த வங்கியிடமோ இருக்கும். எனவே, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதே இதைப் பேசி முடிப்பது நல்லது. தவணை முடிந்ததும் புதுப்பித்துக்கொள்ளும் உரிமையையும் எழுத்தில் கேட்டுப் பெறலாம். முத்திரை வரி செலுத்தாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது என்பதையும் மறக்கக்கூடாது.

கடை போடுபவர் அலமாரிக்கும் விளம்பரப் பலகைக்கும் ஆயிரக்கணக்கில் செலவிடுகிறார். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தைக் காட்டி, நில அலுவலகத்திற்கும் ஒருமுறை போய் வந்தால், போட்ட முதலுக்குப் பாதுகாப்பு கிடைக்கும்.