ஓர் இலையும் உறைபனிக் காலமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

கோடையில் உதகைக்கு வரும் விருந்தினர் பிகோனியாவின் பூவையும் வண்ண இலையையும் கண்டு வியந்து செல்கின்றனர். அச்செடி டிசம்பரையும் ஜனவரியையும் எங்ஙனம் கடந்தது என்று கேட்பவர் அரிது. எங்கள் வீட்டில் அக்கேள்விக்கு விலை உண்டு. அம்மா காய்கறித் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். சுவரோரம் அவர் வளர்க்கும் பிகோனியாத் தொட்டிகள் சீசனில் விற்றால்தான் என் தேர்வுக் கட்டணமும் புத்தகச் செலவும் கைக்கு வரும். குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே இச்செடி எனக்குப் பாடமும் ஆகும்; வீட்டுக் கணக்கும் ஆகும்.

மிஷேல் பெகோன் என்னும் பிரெஞ்சு அதிகாரியின் நினைவாகத் தாவரவியலாளர் ப்ளூமியே இட்ட பெயரே பிகோனியா. லின்னேயஸ் 1753-இல் அப்பெயரை ஏற்றார். இன்று 2000-க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளின் ஈரமான நிழலில் பிகோனியா மலபாரிகா தானாகவே வளர்கிறது. தொட்டிகளில் நாம் காண்பவையோ பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். வண்ண இலை ரெக்ஸ் வகைகளுக்கு மூலம் அஸ்ஸாம் பக்கத்து இனம். பெரிய பூ மலரும் கிழங்கு பிகோனியாவோ ஆண்டிஸ் மலை இனங்களின் கலப்பு. உறைபனியைத் தாங்கும் உடல் இவற்றுக்கு இல்லை.

இனப்பெருக்கத்தில் ரெக்ஸ் வகைதான் உண்மையான விந்தை. முதிர்ந்த, ஆனால் கிழடு தட்டாத ஓர் இலையை எடுத்து, அடிப்பக்கத்தில் தடித்த நரம்புகளைப் பிளேடால் ஆங்காங்கே குறுக்கே கீறவேண்டும். பிறகு ஈர மணலும் இலைமட்கும் கலந்த தட்டில் அடிப்பக்கம் மண்ணில் படும்படி கிடத்தி, கூழாங்கற்களை ஏற்றி வைக்கவேண்டும். மேலே பாலிதீன் மூடி. மூன்று நான்கு வாரங்களில் கீறிய இடங்களில் வேர் தெரியும். குட்டிச்செடிகள் தலைகாட்ட மேலும் சில வாரங்கள் ஆகும். சுமார் 20 டிகிரி செல்சியஸ் வெப்பம் இதற்கு நல்லது. நம் ஊரில் அந்தச் சூட்டை அடுப்படிச் சன்னல்தான் தரும்!

இலைக்குள் ஏது செடி என்று வியக்கத் தோன்றும். வளர்ந்து முடிந்த செல்லும் முழுச் செடியை உருவாக்கும் ஆற்றலை இழப்பதில்லை என்ற கருத்தை ஹேபர்லாண்ட் 1902-இல் முன்வைத்தார். பிகோனியா இலையில் காயத்தின் அருகிலுள்ள மேல்தோல் செல்கள் மீண்டும் பிரியத் தொடங்கி மொட்டாகின்றன. வேரா, தண்டா என்பதை ஆக்சின், சைட்டோகைனின் ஆகியவற்றின் விகிதம் முடிவு செய்கிறது என்று ஸ்கூக், மில்லர் இருவரும் 1957-இல் காட்டினர்.

எல்லா பிகோனியாவும் இப்படி இணங்குவதில்லை. மூங்கில்போல் கணுவுடன் உயரும் வகையின் இலையை நட்டால் வேர் விடும். பெரும்பாலும் தளிர் விடாது. அதற்குக் கணுவோடு கூடிய போத்துதான் வேண்டும். எப்போதும் பூக்கும் சிறுவகைக்கும் அதுவே. மூன்று நான்கு அங்குல நீளத்தில், கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கீழ் இலைகளை நீக்கி நடவேண்டும். அம்மா ஆகஸ்ட், செப்டம்பரில் போத்துகளை நட்டுவிடுவார். குளிருக்குமுன் அவை வேர்பிடித்துவிடும். தாய்ச்செடி போனாலும் பிள்ளை மிஞ்சும்.

இனி பனிக்காலம். முகில் இல்லாத இரவில் மண்ணும் இலையும் தம் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிர்வீசி இழக்கின்றன. குளிர்ந்த காற்று கனமாதலால் பள்ளத்தில் சென்று தேங்குகிறது. மேட்டு வீடுகளை விடத் தலைகுந்தா, காந்தல் போன்ற பள்ளங்களில் வெண்பனி மிகுதியாகப் படிவது இதனால்தான். இலையின் செல் இடைவெளிகளில் நீர் உறைந்து, செல்லின் உள்நீரையும் ஈர்த்துக்கொள்ள, சவ்வு சிதைகிறது. விடிந்தபின் இலை வெந்த கீரைபோல் துவண்டு கருத்துவிடும்.

ஆகவே செடிக்கு வேண்டுவது கம்பளி அன்று, கூரை. வானத்தை மறைக்கும் எதுவும் உதவும். தாவரவியல் பூங்காவில் மிலாறு கொண்டு செடிகளை மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் தாழ்வாரமே போதும். இல்லையேல் நான்கு குச்சி நட்டுச் சாக்கு விரிக்கலாம். சாக்கு இலையைத் தொடக்கூடாது, காலையில் எடுத்துவிடவேண்டும்.

பனியைவிட அதிகச் செடிகளைக் கொல்வது நீர் என்பது என் எண்ணம். குளிர்ந்த மண்ணில் வேர் நீரை மெல்லவே உறிஞ்சும். நாம் ஊற்றுவதோ கோடைக் கணக்கு! தேங்கிய ஈரத்தில் பூசணம் புகுந்து தண்டின் அடி அழுகும். தீபாவளிக்குப் பிறகு அம்மா விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும், வெயில் ஏறியபின் ஓரத்தில் ஊற்றுவார். இலைமேல் துளி படவிடமாட்டார். காரணம் கேட்டால், "அதுக்கு இப்போ தாகம் இல்லேடா" என்பார். வகுப்பில் வேரின் உறிஞ்சுதலைப் படித்தபோது அந்தத் தாகம் எனக்கு விளங்கியது.

கிழங்கு பிகோனியாவை மட்டும் காக்க முயலவேண்டா. அது தானே உறங்கும். இலை மஞ்சளானதும் நீரை நிறுத்தி, தண்டு தானாக விழுந்தபின் கிழங்கை எடுத்து உலர்ந்த மணலில் பனி எட்டாத இடத்தில் வைக்கவேண்டும். குளிர் தணிந்து, கிழங்கின் குழிந்த பக்கத்தில் இளஞ்சிவப்பு முனைகள் தெரிந்ததும் குழி மேலே இருக்கும்படி நட்டு, அதில் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.