புவெனஸ் ஐரிஸ் நகரின் இரவு வாழ்க்கை

அர்கெந்தீனாவின் தலைநகரான புவெனஸ் ஐரிசில் இரவு தாமதமாகவே தொடங்குகிறது. இரவு உணவே ஒன்பது, பத்து மணிக்குத்தான். மதுக்கூடங்கள் நள்ளிரவை ஒட்டி நிறைகின்றன. 'பொலிச்சே' எனப்படும் நடன விடுதிக்கு இரண்டு மணிக்கு முன் செல்லும் பயணி பெரும்பாலும் வெறும் கூடத்தையே காண்பார். பலெர்மோ, சான் தெல்மோ பகுதிகளில் மதுக்கூடங்கள் மிகுதி. கசப்பான மூலிகை மதுவாகிய பெர்னெட்டைக் கோலாவுடன் கலந்து குடிப்பது பரவலான வழக்கம். மது வாங்க 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 1858-இல் தொடங்கிய கபே தொர்தோனி போன்ற பழைய கடைகளை நகர அரசு மரபுச் சிறப்புள்ளவையாக அறிவித்துள்ளது.

இங்குள்ள கேளிக்கை அரங்குகளின் பாதுகாப்பு விதிகள் கடுமையானதற்கு ஒரு துயரமே காரணம். 2004 டிசம்பர் 30 அன்று குரோமஞோன் அரங்கில் ராக் இசை நிகழ்ச்சியின்போது கொளுத்தப்பட்ட வாணம் கூரையில் பற்றியது. அளவுக்கு மீறிய கூட்டம். அவசர வழியோ பூட்டப்பட்டிருந்தது. பெரும்பாலும் நச்சுப் புகையால் 194 பேர் இறந்தனர். நகரின் ஆட்சித் தலைவர் அனிபால் இபார்ரா 2006-இல் பதவி நீக்கப்பட்டார். விபத்துக்குப் பின் பல அரங்குகள் மூடப்பட்டன. அவ்விடத்தருகே இறந்தோரின் ஒளிப்படங்களும் காலணிகளும் கொண்ட நினைவிடம் அமைந்தது.