மடக்கு டிரெய்லரின் லாட்ச்: தேயுறது இரும்பா, பலகையா?

போன பகுதியில பழைய மடக்கு டிரெய்லர் வாங்கும்போது என்னென்ன பார்க்கணும்னு பேசினோம். அதைக் கேட்ட நேயர் ஒருத்தர், “கூரையைப் பிடிக்கிற லாட்ச் ஒண்ணு லூசா இருக்கு, ஸ்க்ரூவை இறுக்கினா போதுமா?”ன்னு கேட்டிருந்தாங்க. ஒரு வரியில பதில் சொன்னா, போதாது. ஏன்னு சொல்லத்தான் இந்தப் பகுதி.

இந்த வண்டியைப் பார்க்காதவங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். அமெரிக்காவுல இதை பாப்-அப் கேம்பர்னு சொல்வாங்க. ஓடும்போது இடுப்பு உயரப் பெட்டி மாதிரி இருக்கும். முகாம் இடத்துக்குப் போனதும் கைப்பிடியைச் சுத்தினா கூரை மேல எழும்பும், ரெண்டு பக்கமும் படுக்கை வெளியே வரும், நடுவுல கேன்வாஸ் சுவர். பயணத்தின்போது அந்தக் கூரையைப் பெட்டியோட சேர்த்துப் பிடிக்கிறது வழக்கமா நாலு மூலையிலயும் இருக்கிற நாலு லாட்ச்தான்.

அந்த நாலு லாட்ச் என்ன சுமை தாங்குது?

கூரை தன் எடையிலேயே உட்கார்ந்திருக்கும், லாட்ச் சும்மா பேருக்குத்தான்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. நின்னுட்டு இருக்கிற வண்டிக்கு அது சரி. ஓடுற வண்டிக்கு அப்படி இல்ல. மணிக்கு 80 கிலோமீட்டர்ல எதிர்க்காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 31 கிலோ எடை அளவு வரும். 105 கிலோமீட்டர்ல அதுவே 53 கிலோ. வேகம் கூடினது மூணுல ஒரு பங்குகூட இல்ல, அழுத்தம் கூடினது எழுபது சதவீதம். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோட ஏறும், அதான் காரணம்.

இந்த அழுத்தம் முழுசும் கூரையைத் தூக்காது. ஆனா முன்பக்க விளிம்புல ஒரு இடைவெளி கிடைச்சா காற்று உள்ளே புகுந்து, அங்கிருந்து கூரையை மேல நெம்பும். எதிரே பெரிய லாரி ஒண்ணு கடந்து போகும்போது ஒரு திடீர் அடி விழும். முன் மூலையில ஒரு லாட்ச் விட்டுட்டா, பாரம் பக்கத்து மூலைக்குப் போகும். அதுவும் விட்டா, பின்னால குடும்பத்தோட கார்ல வர்றவங்க மேல நம்ம கூரை போய் விழலாம். அதனாலதான் இதை ஒரு சின்ன ரிப்பேர்னு நான் நினைக்கிறதில்ல.

டிஃபன் கேரியர் பாடம்

லாட்ச் வேலை செய்யுற விதம் நமக்குப் பழகினதுதான். டிஃபன் கேரியர்ல பக்கவாட்டு கிளிப்பை அழுத்தும்போது முதல்ல எதிர்த்து நிக்கும், ஒரு இடம் தாண்டினதும் ‘டக்’னு தானா விழுந்து பிடிச்சுக்கும். அந்த ‘டக்’தான் விஷயமே.

டிரெய்லர் லாட்ச்லயும் ஒரு பிடி, அதுல ஒரு கம்பி வளையம், கூரைப் பக்கம் ஒரு கொக்கி. வளையத்தைக் கொக்கியில மாட்டிப் பிடியை மடக்கும்போது, வளையம் இழுக்கிற கோடு பிடியின் அச்சாணியைத் தாண்டி சில மில்லிமீட்டர் உள்பக்கம் போயிடும். அதுக்கப்புறம் கூரை மேல இழுத்தா, அந்த இழுவையே பிடியை இன்னும் மூடி வைக்கும்.

இப்போ அச்சாணி ரிவெட் தேஞ்சு, துளை நீள்வட்டமா ஆயிடுச்சுன்னு வைங்க. அந்தச் சில மில்லிமீட்டரை ஆட்டம் தின்னுடும். லாட்ச் மூடினமாதிரிதான் தெரியும், ஆனா நடுக்கோட்டைத் தாண்டியிருக்காது. ரோட்டு அதிர்வுல தானா திறந்துடும்.

முதல்ல கண்டுபிடிங்க, அப்புறம் கழட்டுங்க

தேய்மானம் மூணு இடத்துல வரும்: லாட்ச் அச்சாணி, கூரைக் கொக்கி, ஸ்க்ரூ பிடிச்சிருக்கிற பலகை. கூரைக் கொக்கி வளைஞ்சிருந்தா, யாரோ லாட்ச்சைத் திறக்காமலே கூரையை ஏத்தப் பார்த்திருக்கலாம். அப்படி இருந்தா தூக்குற கேபிளையும் சேர்த்துப் பாருங்க.

நான் செய்யுற சோதனைகள் இவ்வளவுதான்:

1. பிடியைத் திறந்து பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தா ரிவெட் தேஞ்சிருக்கு.
2. மெதுவா மூடுங்க. ‘டக்’ வருதா? வராம வழுக்கிட்டுப் போனா அந்த லாட்ச்சை நம்பாதீங்க.
3. ஒரு ஸ்க்ரூவைக் கழட்டி, துளைக்குள்ள குத்தூசியால அழுத்துங்க. மரம் கெட்டியா இருக்கணும். நனைஞ்ச ரொட்டி மாதிரி உள்ளே போனா, அது அழுகின பலகை.
4. கூரை விளிம்பும் பெட்டியும் சேர்ற இடத்துல மேல ஒரு துண்டு, கீழ ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, குறுக்கே பென்சில் கோடு போடுங்க. 15 கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து பாருங்க. கோடு விலகியிருந்தா கூரை நகருது.

எங்க மிச்சிகன்ல நான் பார்த்த பழைய வண்டிகள்ல மூணாவது சோதனைதான் அதிகமா தோத்துப் போகுது. ஸ்க்ரூத் துளை வழியா தண்ணி இறங்கும், குளிர்காலத்துல உறையும், விரியும், துளை இன்னும் பெருசாகும். முந்தின சொந்தக்காரர் ஒரு சைஸ் பெரிய ஸ்க்ரூ போட்டிருப்பார். அடுத்தவர் இன்னொரு சைஸ். கடைசியில இரும்பு நல்லா இருக்கும், அதைப் பிடிக்க மரம் இருக்காது.

ரிப்பேர்: மூணு நிலை

*அச்சாணி தேஞ்சிருந்தா:* ரிவெட்டை ட்ரில் பண்ணி எடுங்க. நீள்வட்டமான துளையை ஒரு சைஸ் பெருசா, வட்டமா துளைச்சு, அதுக்குச் சரியான ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் நைலாக் நட்டும் போடலாம். நைலாக் நட்டுல நைலான் வளையம் இருக்கிறதால அதிர்வுல கழலாது. பிடி அசையணும், ஆடக்கூடாது, அந்த அளவுக்கு இறுக்கினா போதும். தகடே விரிசல் விட்டிருந்தா புதுசு வாங்கிடுங்க. அதே மாடல் கிடைக்கும்னு எதிர்பார்க்க வேண்டாம். கோல்மன் மடக்கு டிரெய்லர் வியாபாரத்தை 1989-ல் வாங்கின ஃப்ளீட்வுட் நிறுவனம் 2009-ல் திவாலானது. அந்தக் கால வண்டிகள் இன்னும் ரோட்டுல ஓடுது, உதிரி பாகம்தான் தேட வேண்டியிருக்கு. துளைக்குத் துளை தூரம், வளையத்தின் நீளம், பிடி மூடும்போது இழுக்கிற தூரம், இந்த மூணையும் அளந்துட்டுப் போனா பொதுவா விக்கிற லாட்ச்லயே பொருந்துறது கிடைக்கும். மாத்தும்போது ஜோடியா மாத்துங்க. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசுன்னா கூரை கோணலா இழுபடும்.

*துளை மட்டும் தளர்ந்து, மரம் கெட்டியா இருந்தா:* பல்குத்தியும் ஃபெவிகாலும் வீட்டு அலமாரிக் கதவுக்குப் போதும், இங்க வேண்டாம். துளையைச் சுமார் 10 மில்லிமீட்டருக்குப் பெருசாக்கி, மரத்தை நல்லா உலர விடுங்க. முதல்ல நீர்த்த எபாக்ஸியைத் தடவி மரத்துல ஊற விட்டு, அப்புறம் கெட்டியான எபாக்ஸியால நிரப்புங்க. ஒரு நாள் முழுசா இறுகினதும் புதுசா சின்னத் துளை போட்டு ஸ்க்ரூவை ஏத்துங்க. இப்போ ஸ்க்ரூ பிடிக்கிறது எபாக்ஸியை. அதைவிட முக்கியம், தண்ணி இனிமே மரத்தைத் தொடாது.

*மரம் அழுகியிருந்தா:* ஸ்க்ரூவை மறந்துடுங்க. அழுகின பகுதியை வெட்டி எடுத்து நல்ல ப்ளைவுட் வெச்சு ஒட்டுங்க. பிறகு சுவர் வழியா முழுசா போற போல்ட் போட்டு, உள்பக்கம் 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு ஒண்ணு வைங்க. தகடு லாட்ச்சைப் போல ரெண்டு மடங்கு அகலமா இருக்கட்டும். நாலு புள்ளியில விழுந்த சுமை இப்போ உள்ளங்கை அளவு பரப்புல பரவும். வலுப்படுத்துறதுன்னா இதுதான். துளைக்கிறதுக்கு முன்னாடி உள்ளே வயர், கேஸ் குழாய், கூரைக் கேபிள் எதுவும் அந்த வழியில இல்லைன்னு பார்த்துக்கோங்க. சுவருக்குள்ள ஃபோம் இருந்தா, போல்ட்டைச் சுத்தி ஒரு சின்னக் குழாய்த் துண்டை நிறுத்துங்க. இல்லன்னா இறுக்க இறுக்கச் சுவர் நசுங்கும்.

மறக்கக்கூடாத ரெண்டு விஷயம்

ஒண்ணு, தண்ணி. ஒவ்வொரு துளையிலயும் லாட்ச்சுக்கு அடியில ப்யூட்டைல் டேப் வைங்க. சிலிக்கான் வேண்டாம். அது ஒரு தடவை பட்ட இடத்துல அப்புறம் வேற எதுவும் சரியா ஒட்டாது. ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் நேரடியாத் தொட்டு ஈரம் சேர்ந்தா அலுமினியம் அரிக்கும். பனிக்கு உப்பு கொட்டுற ரோட்டுல இது சீக்கிரமே நடக்கும். நடுவுல அந்த டேப்போ நைலான் வாஷரோ இருந்தா ரெண்டும் தொடாது.

ரெண்டாவது, இறுக்கம். பலமா ஆக்கிட்டோம்னு சந்தோஷத்துல ரொம்ப இறுக்கிடாதீங்க. மூலையில கூரை வளையும், ரப்பர் நசுங்கும், தண்ணி நடுவுல புகும். நாலு மூலையிலயும் ரப்பருக்கு நடுவுல ஒரு காகிதத் துண்டை வெச்சு மூடி இழுத்துப் பாருங்க. நாலும் ஏறக்குறைய ஒரே எதிர்ப்போட வரணும். பிடி உள்ளங்கை அழுத்தத்துல மூடணும். உடம்பு எடையைப் போட்டு அழுத்த வேண்டியிருந்தா அது அதிகம்.

எல்லாம் முடிஞ்சதும் ஒவ்வொரு லாட்ச்லயும் பிடி தானா திறக்காதபடி ஒரு கிளிப் மாட்டுங்க. பெட்டியின் சட்டத்துல கொளுவி, கூரையின் முன்பக்கத்துக்குக் குறுக்கே ஒரு பட்டை கட்டலாம், விளிம்புல வெட்டாம ரப்பர் துண்டு வெச்சு. ஆனா பட்டை ரெண்டாவது காவல்காரன்தான். அதை நம்பி ரிப்பேரைத் தள்ளிப் போடாதீங்க.

முதல் பயணத்துல 15 கிலோமீட்டர்ல ஒரு தடவை, 100 கிலோமீட்டர்ல ஒரு தடவை நிறுத்தி, நாலு லாட்ச்சையும் கையால தொட்டுப் பாருங்க. டேப் போட்ட பென்சில் கோடு இருந்த இடத்துலயே இருந்தா வேலை சரி.

லூசான ஸ்க்ரூவைப் பார்த்தா முதல்ல கேட்க வேண்டியது, அது எதைப் பிடிச்சிட்டு இருக்குன்னுதான். பதில் கெட்டியா இருந்தா மட்டும் ஸ்க்ரூ டிரைவரை எடுங்க.

அடுத்த பகுதியில கூரையைத் தூக்குற கேபிளும் வின்ச்சும் பத்திப் பேசுவோம். பத்திரமா ஓட்டுங்க. வணக்கம்.