பழங்குடிக் கலையும் டிஜிட்டல் கருவியும்

மகாராஷ்டிர மாநிலத்தில் வாழும் தமிழர்களாகிய நாம் வார்லி ஓவியத்தை அறியாதவர்கள் அல்லோம். செம்மண் நிறத் தளத்தில் வெண்ணிற வட்டமும் முக்கோணமும் கூடி, மனிதராகவும் மாடாகவும் மரமாகவும் நிற்கும் அவ்வோவியத்தைப் புனே நகரின் சுவர்களில் காண்கிறோம். சேலைகளிலும் தேநீர்க் கோப்பைகளிலும் காண்கிறோம். இன்று கைப்பேசியில் வாழ்த்துப் படமாகவும் அது வந்து சேருகிறது. அவ்வோவியம் யாருடையது, அதனைப் பெருக்கும் புதிய கருவிகளால் அவர்களுக்கு விளைவது யாது என்பதை இங்கே ஆராய்வோம்.

வார்லி மக்கள் பால்கர் மாவட்டத்து டகாணு, தலாசரி, ஜவ்ஹார் முதலிய வட்டங்களில் மிகுதியாக வாழ்கின்றனர். அவர்கள் இல்லத்தில் திருமணம் நிகழும்போது, சுமங்கலிப் பெண்கள் சுவரில் 'சௌக்' என்னும் கட்டத்தை வரைந்து, அதனுள் பாலகட் தேவியை எழுதுவர். அரிசி மாவே வண்ணம். நுனி நைந்த மூங்கிற் குச்சியே தூரிகை. அரிசி மாவினால் வாயிலில் கோலமிடும் நமக்கு இவ்வழக்கம் அந்நியமாகத் தோன்றாது. அச்சித்திரம் அலங்காரம் மட்டுமன்று. சடங்கின் ஓர் அங்கமுமாகும்.

1970-களில் இக்கலை சுவரினின்றும் தாளுக்கு வந்தது. சடங்கிற்கென்றன்றி, நாள்தோறும் வரையும் கலையாக அதனை வளர்த்தவர் ஜிவ்யா சோமா மாஷே. 2011-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2018-இல் மறைந்தார். தாளுக்கு வந்த கலை கணிப்பொறிக்கும் வந்தது. வட்டத்தையும் முக்கோணத்தையும் கணிப்பொறி நொடியில் ஆயிரம் முறை அச்சிடும். வரைந்தவர் பெயரோ, வரைதற்குரிய வேளையோ அந்தப் படியில் இருப்பதில்லை. 2014-இல் வார்லி ஓவியத்திற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது அப்பெயருக்குக் காப்பாகும். எனினும் அச்சாயலைப் பிறர் எடுத்தாள்வதை முற்றும் தடுக்க வல்லதன்று.

அவ்வாறாயின் கருவியே தீயதோ? அன்று. பம்பாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த நீனா சப்னானி, பீல் இனத்து ஓவியர் ஷேர் சிங் பீலுடன் இணைந்து 2016-இல் 'ஹம் சித்ர பனாத்தே ஹைன்' என்னும் அசைவுப் படத்தை உருவாக்கினார். தாம் சித்திரம் வரையத் தொடங்கியது எவ்வாறு என்று பீல் மக்கள் வழங்கும் பழங்கதையே அதன் பொருள். அப்படம் அவ்வாண்டிற்கான தேசிய விருதும் பெற்றது. இங்கே ஓவியர் பெயரின்றி நிற்கவில்லை. படைப்பில் பங்காளியாக நின்றார்.

சித்திரத்தைப் போலவே மொழிக்கும் இவ்வினா உண்டு. இம்மாநிலத்தின் கட்சிரோலி, சந்திரபூர் மாவட்டங்களில் வழங்கும் கோண்டி, நம் தமிழுக்கு உறவுமொழி. கண்ணை அம்மொழியினர் 'கண்' என்றே சொல்வர். இரண்டு, மூன்று, நான்கு என்னும் எண்களின் சாயலையும் அதில் கேட்கலாம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 29 லட்சம் பேர் அதனைப் பேசினர். ஆயினும், அது பல மாநிலங்களில் சிதறி, எழுத்து வழக்கில் பெரிதும் இடம்பெறாத மொழியாயிற்று. 2010-இல் சத்தீஸ்கரை மையமாகக் கொண்டு 'சிஜிநெட் ஸ்வரா' என்னும் குரற்சேவை தொடங்கிற்று. சாதாரணக் கைப்பேசியில் ஓர் எண்ணை அழைத்துத் தம் குறையையோ, செய்தியையோ, பாடலையோ பேசிப் பதியலாம். ஆய்வுக்குப் பின் பிறர் அதனைக் கேட்கலாம். எழுதப் படிக்க அறியாதவரும் இதனால் செய்தி தருவோராயினர்.

2025 செப்டம்பரில் மத்திய அரசின் பழங்குடியினர் நல அமைச்சகம் 'ஆதி வாணி' என்னும் மொழிபெயர்ப்புக் கருவியின் சோதனை வடிவை வெளியிட்டது. சந்தாலி, பீலி, முண்டாரி, கோண்டி ஆகியவை அதன் முதல் மொழிகள். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நாம் இதனை மகிழ்ந்து வரவேற்கிறோம். ஆனால் இயந்திரம் தனக்கு ஊட்டப்பட்ட வாக்கியங்களைக் கொண்டே கற்கிறது. அவ்வாக்கியங்கள் பிழையாயின் மருத்துவர் கூறும் மருந்தளவும், அதிகாரி கூறும் நிலவிவரமும் பிழையாகும். அம்மொழியைப் பேசுவோரே அதனைத் திருத்தும் உரிமை பெற்றிருத்தல் வேண்டும்.

இவ்வுரிமைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு ஆஸ்திரேலியாவில் உண்டு. அந்நாட்டின் வட பிரதேசத்தில் டென்னன்ட் கிரீக் என்னும் ஊரைச் சார்ந்த வாருமுங்கு பழங்குடியினர் 2007-இல் ஒரு டிஜிட்டல் காப்பகம் அமைத்தனர். 'முகுர்ட்டு' என்பது அதன் பெயர். பொருள்களைப் பத்திரமாக இட்டுவைக்கும் பையைக் குறிக்கும் சொல் அது. அக்காப்பகத்தில் எல்லாப் படங்களையும் எல்லோரும் காண இயலாது. சில ஆடவர்க்கு உரியன; சில மகளிர்க்கு உரியன; இறந்தோர் படங்களைக் காட்டுதற்கும் வரம்பு உண்டு. ஊரின் வழக்கமே கணிப்பொறிக்கும் கட்டளையாயிற்று.

கருவி ஒன்றே; பயன் வேறுபடுகிறது. பெட்டியின் சாவி யார் கையில் உள்ளது என்பதே வேறுபாட்டிற்குக் காரணம். 1962-இல் நிறுவப்பெற்ற பழங்குடியினர் ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் புனேயிலேயே உள்ளது. அதன் அருங்காட்சியகம் குழந்தைகளுடன் சென்று காணத்தக்கது. இனி வார்லிச் சித்திரம் ஒன்றை வாங்கும்போதோ, பிறருக்கு அனுப்பும்போதோ, வரைந்தவர் பெயரை ஒரு முறை கேட்போமாக. மொழியாலும் கலையாலும் நம்மை நாமே அடையாளம் கண்டு, வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு அக்கேள்வியின் அருமை எளிதில் விளங்கும்.