உங்களுக்குத் தெரியுமா? சென்னை உறுமி ஒலிக்கும் லண்டன் எலக்ட்ரோ

லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2003இல் வெளியிட்ட முதல் பாட்டு 'கலாங்'. ஷோபிஸ் என்ற சிறு நிறுவனம் அச்சிட்டது வெறும் 500 இசைத்தட்டுகள். ரோலண்ட் எம்.சி.505 என்ற ஒரே தாளப்பெட்டியை வைத்துக்கொண்டு தொடங்கியவர் அவர். கிளப் டி.ஜே.க்கள் அந்தத் தட்டைச் சுழற்றியே பாட்டைப் பரப்பினார்கள். அடுத்த ஆண்டே எக்ஸ்.எல். இசை நிறுவனம் அதை மறுபடி வெளியிட்டது.

நமக்கு நெருக்கமான கதை அதற்குப் பின்னால்தான். தாயின் பெயரைச் சூட்டிய 'கலா' (2007) ஆல்பத்துக்காக அவர் சென்னைக்கு வந்து, இங்குள்ள மேளக்காரர்களை வாசிக்கவைத்துப் பதிவு செய்தார். அதில் வரும் 'பேர்டு ஃப்ளூ' பாட்டின் முதுகெலும்பே உறுமி மேளம்தான். புளியந்தோப்பு, ராயபுரம் தெருக்களில் கானாவும் சாவு மேளமும் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த அடி அந்நியமே அல்ல. எந்த எந்திரமும் அந்த உறுமலைத் தந்துவிட முடியாது என்பேன். நல்ல ஸ்பீக்கரில் ஒருமுறை சத்தமாகக் கேட்டுப் பாருங்கள்.